ரிப்போர்ட்டில் பாசிட்டிவ், உடம்பில் என்ன?

நோய் எதிர்ப்பியல் தொடர்பாக வந்த கடிதங்களுக்கு மூட்டு, அலர்ஜி, குழந்தை நலப் பிரிவுகளைச் சேர்ந்த மருத்துவர்கள் பதில் தருகிறார்கள். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

எனக்கு வயது 27. முடி கொட்டுகிறது, எப்போதும் அசதி. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ஏ.என்.ஏ. 1:80 பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. நெட்டில் பார்த்தால், எதிர்ப்பாற்றல் தன்னுடம்பையே தாக்கும் லூபஸ் நோய் என்கிறது. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட வேண்டுமா?
வாசகி, கரூர்

சொல்வதற்கு இதுவரை நோய் எதுவும் இல்லை.

ஏ.என்.ஏ. என்பது நம் செல்லின் உட்கருவில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். ஹெப்-2 என்ற செல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, அதன்மேல் உங்கள் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்) விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். 1:80 என்றால், சீரத்தை 80 மடங்கு நீர்த்த பிறகும் உட்கரு ஒளிர்ந்தது என்று பொருள். 40, 80, 160, 320 என்று நீர்ப்பதை இரட்டித்துக்கொண்டே போவார்கள். எண் கூடினால் ஆன்டிபாடி கூடுதல்.

நோய் இல்லாதவர்களிடமே இதைச் செய்து பார்த்த பன்னாட்டு ஆய்வு 1997-ல் வெளியானது. 1:40-ல் நூற்றுக்கு 32 பேர், 1:80-ல் 13 பேர், 1:160-ல் 5 பேர், 1:320-ல்கூட 3 பேர் பாசிட்டிவ். லூபஸோ லட்சத்தில் சில பத்துப் பேருக்கு வருவது. ஆக, லட்சம் பேரைச் சும்மா பிடித்துப் பரிசோதித்தால் 13,000 பேர் வீணாகத் தூக்கம் இழப்பார்கள். ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இதைச் சேர்ப்பதே தவறு என்பது எங்கள் கருத்து. தைராய்டு கோளாறு, காசநோய், வயது, ஐசோனியாசிட் போன்ற மருந்துகள் என எதனாலும் இது பாசிட்டிவ் ஆகலாம். லூபஸ் உள்ளவரின் ரத்த உறவுகளுக்கும் வரும். நெகட்டிவ் வந்தால்தான் இந்தப் பரிசோதனைக்கு உண்மையான மதிப்பு. 2019-ல் வந்த வரையறைப்படி, ஒருமுறைகூட 1:80-ஐத் தொடாதவரை லூபஸ் பட்டியலில் சேர்ப்பதில்லை.

நாங்கள் பார்ப்பது வேறு. வெயிலில் போனால் கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவந்து படைக்கிறதா? மேலண்ணத்தில் வலியில்லாத புண் வருகிறதா? மூட்டு வீங்குகிறதா? வலி மட்டும் கணக்கில் வராது. குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறதா? மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துகிறதா? எதுவும் இல்லையென்றால் சிறுநீர்ப் பரிசோதனையும் முழு ரத்த எண்ணிக்கையும் போதும். சிறுநீரில் புரதமோ, வெள்ளை அணுக்கள் அல்லது தட்டணுக்கள் குறைவோ தெரிந்தால்தான் டிஎஸ்-டிஎன்ஏ, எஸ்எம் ஆன்டிபாடிகள், சி3, சி4 என்ற ரத்தப் பரிசோதனைகள் அடுத்த படி. ஏ.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். நோய் கூடுகிறதா குறைகிறதா என்பதை அது காட்டாது. சில லேப்கள் எலிசா முறையில் செய்து 1.3, 2.1 என்று ஒரு எண் மட்டும் தருவார்கள். அப்படி வந்த பாசிட்டிவை மைக்ராஸ்கோப் முறையில் ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது.

முடிக்கும் அசதிக்கும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சத்து இருப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு) பாருங்கள். இந்த வயதுப் பெண்களிடம் பெரும்பாலும் விடை அங்கேதான் கிடைக்கிறது.

எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ரத்தப் பரிசோதனை உண்டா? குறைவாக இருந்தால் ஏற்ற என்ன சாப்பிடலாம்?
வாசகர், ஆவடி

அப்படி ஒற்றை எண் கிடையாது. எச்ஐவி உள்ளவருக்கு சிடி4 என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, அடிக்கடி நிமோனியா வருபவருக்கு ஐஜிஜி என்ற ஆன்டிபாடியின் அளவு, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டுக்கொண்ட ஆஸ்பத்திரி ஊழியருக்கு ஆன்ட்டி-எச்பிஎஸ் ஆன்டிபாடி 10 யூனிட்டைத் தாண்டியதா என்பது, இப்படிக் கேள்விக்குத் தகுந்த அளவு உண்டு. கேள்வி இல்லாமல் அளந்தால் பில் மட்டும்தான் மிஞ்சும். "ஏற்றுவதாக"ச் சொல்லும் பொடிகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம்: எதிர்ப்பாற்றல் மிதமிஞ்சிப் போய்த் தன்னுடம்பையே தாக்குவதால் வரும் நோய்களுக்குத்தான் எங்களிடம் நீண்ட வரிசை நிற்கிறது.

அம்மாவுக்கு 48 வயது. நாலு மாதமாக இரண்டு கை விரல்களும் காலையில் மடக்க வரவில்லை. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். ஏ.எஸ்.ஓ. 380. ஒரு டாக்டர் 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொன்னார். இன்னொருவர் முடக்குவாதம் என்று மெத்தோட்ரெக்ஸேட் எழுதினார். மருந்துக் கடையில் "இது கேன்சர் மாத்திரை" என்றார்கள். அம்மா பயந்து சாப்பிட மறுக்கிறார்.
வாசகர், திருநெல்வேலி

ஏ.எஸ்.ஓ.வை மறந்துவிடுங்கள். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி எப்போதோ வந்துபோனதன் அடையாளம் அது. அந்தக் கிருமியைத் தொடர்ந்து வரும், பென்சிலின் ஊசி தேவைப்படும் ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதில் வரும். பெரிய மூட்டுகளைப் பிடிக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். 48 வயதில் சிறு மூட்டுகளில் நாலு மாதமாகக் குடியிருக்காது. பென்சிலின் ஊசி வேண்டாம்.

ஆர்.ஏ. நெகட்டிவ் என்பதால் முடக்குவாதம் இல்லை என்று ஆகாது. நோய் உள்ளவர்களிலேயே நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு அது நெகட்டிவ்தான். மறுபக்கம் ஹெபடைட்டிஸ் சி, காசநோய், தொழுநோய், முதுமை எல்லாவற்றிலும் பாசிட்டிவ் ஆகும். ஆன்ட்டி-சிசிபி என்ற ரத்தப் பரிசோதனை இதைவிட நம்பகமானது. அது நல்ல அளவில் பாசிட்டிவ் என்றால் நோய் உறுதி என்றே கொள்ளலாம், மூட்டு அரிக்கும் அபாயமும் கூடுதல். அதுவும் நெகட்டிவாக இருந்தாலும், மணிக்கட்டும் விரல் கணுக்களும் இரு பக்கமும் வீங்கி, ஆறு வாரம் தாண்டி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் நாங்கள் மருந்தைத் தொடங்குகிறோம். அந்த நாலு மாதத்துக்கு முன்னால் காய்ச்சலோடு மூட்டுவலி வந்ததா என்று மட்டும் கேளுங்கள். சிக்குன்குனியா மாதக்கணக்கில் இதே வேஷம் போடும்.

மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கும் பயன்படுவது உண்மை. அங்கே கிராம் கணக்கில்கூட ஏற்றுவார்கள். மூட்டுக்கு வாரம் ஒருமுறை 7.5 முதல் 25 மில்லிகிராம்தான். இந்த "வாரம் ஒருமுறை"யில்தான் உயிராபத்து இருக்கிறது. தினமும் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளை அணுக்கள் சரிந்து ஐசியூவுக்கு வருபவர்கள் இன்றும் உண்டு. மாத்திரைக்கு ஒரு கிழமையைக் குறித்து, அட்டையிலேயே "திங்கள் மட்டும்" என்று தமிழில் எழுதிவையுங்கள். ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. வேறொரு நாளில். வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை தாங்குவதற்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டு தருவது வழக்கம். ஆரம்பத்தில் இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின் பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அந்த வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது கோட்ரைமாக்சசோல் எழுதினால் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதை அவசியம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்களைத் தயாரிக்கும் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும்.

மூன்று மாதமாகத் தினமும் சாயங்காலம் காணாக்கடி போல உடம்பெங்கும் தடித்துச் சொறிகிறது. அலர்ஜி ஆன்டிபாடியான ஐஜிஇ 860. உணவு அலர்ஜி பேனல் எடுத்ததில் கத்தரிக்காய், இறால், கோதுமை, பால் உட்பட 14 பொருள் பாசிட்டிவ். எல்லாவற்றையும் நிறுத்தி 6 கிலோ இளைத்ததுதான் மிச்சம்.
வாசகி, தஞ்சாவூர்

சாப்பாடு காரணமாக இருந்தால் கதை இப்படி இருக்காது. உணவு அலர்ஜி, சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிக்கொடுக்கும். அந்தப் பொருளைத் தொடும்போதெல்லாம் வரும். என்ன சாப்பிட்டாலும் சாயங்காலம் வருவது, ஆறு வாரம் தாண்டி நீடிப்பது, தானாக வரும் நாட்பட்ட காணாக்கடி. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. பலருக்கு அந்தச் செல்களைத் தூண்டுவதே தங்கள் உடம்பு தயாரித்த ஆன்டிபாடிதான்.

மொத்த ஐஜிஇ 860 என்பது அலர்ஜி உடம்புக்காரருக்கும், வயிற்றில் பூச்சி உள்ளவருக்கும், ஆஸ்துமாக்காரருக்கும் சகஜம். பேனலில் 0.35-ஐத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டிருப்பார்கள். அது ரத்தத்தில் அந்த ஐஜிஇ இருக்கிறது என்று சொல்கிறது. சாப்பிட்டால் வினை வரும் என்று சொல்லவில்லை. இறால் பாசிட்டிவ் ஆனதற்கு உங்கள் மெத்தையிலுள்ள தூசிப்பூச்சியோ அடுப்படிக் கரப்பானோ காரணமாக இருக்கலாம். மூன்றிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே குடும்பப் புரதம் இருக்கிறது. பேனல் ஐஜிஇ இல்லாமல் ஐஜிஜி வகையாக இருந்தால் குப்பையில் போடலாம். அது நீங்கள் சாப்பிட்டுப் பழகிய பொருள்களின் பட்டியல், அவ்வளவே.

இதற்கு முன் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவற்றையெல்லாம் திரும்பச் சாப்பிடுங்கள். செட்டிரிசின் 10, பைலாஸ்டின் 20, ஃபெக்ஸோஃபெனடின் 180 மி.கி. இவற்றில் ஒன்றை, அரித்தாலும் அரிக்காவிட்டாலும் தினமும். அரித்தபின் போட்டுக்கொள்வதில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்காவிட்டால், மருத்துவர் மேற்பார்வையில் நாலு மடங்குவரை கூட்டலாம். அதற்கும் அசையாவிட்டால் ஓமலிசுமாப் 300 மி.கி. நாலு வாரத்துக்கு ஒருமுறை ஊசியாக. விலைதான் தடை. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் இதைக் கிளறிவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் அதே இடத்தில் நின்று, போகும்போது கருங்கறை விட்டால் அது வேறு நோய். தோலில் பயாப்ஸி எடுக்க வேண்டும். தடிப்பே இல்லாமல் உதடும் நாக்கும் மட்டும் வீங்கினால், வீட்டில் பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள்.

என் வீட்டுக்காரர் தென்னை ஏறுபவர். போன மாதம் கதண்டு (விஷக் குளவி) கடித்துப் பத்து நிமிடத்தில் மயங்கி விழுந்தார். பக்கத்து கிளினிக்கில் அவில், ஸ்டீராய்டு ஊசி போட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பிழைத்தார். மறுபடி கடித்தால் என்ன செய்வது?
வாசகி, பட்டுக்கோட்டை

அவருக்கு வந்தது அனாஃபிலாக்சிஸ். ரத்தக் குழாய்கள் ஒரேயடியாகத் தளர்ந்து, அவற்றிலிருந்து நீர் கசிந்து, பிரஷர் சரிகிறது, மூச்சுக்குழல் இறுகுகிறது. இதை மாற்றும் மருந்து ஒன்றே ஒன்று: அட்ரினலின். அவில் அரிப்பைக் குறைக்கும், பிரஷரை ஏற்றாது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும்.

அளவு: ஒரு மில்லியில் 1 மி.கி. உள்ள ஆம்ப்யூலில், பெரியவருக்கு அரை மில்லி. தொடையின் நடுப்பகுதியில், வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்கு கிலோவுக்கு 0.01 மில்லி. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி அதே அளவு. தோலுக்கடியில் போட்டால் மெதுவாக ஏறும். மானிட்டர் இல்லாமல் ரத்தக் குழாயில் போட்டால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். தசைதான் சரியான இடம்.

பேனா வடிவ ஊசி நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் மருத்துவரிடம் கேட்டு இரண்டு ஆம்ப்யூல், ஒரு மில்லி சிரிஞ்சு இரண்டு, தசைக்குப் போகும் நீள ஊசி வாங்கி, நீங்களும் அவரோடு ஏறப் போகும் ஒருவரும் உப்புத் தண்ணீரை வைத்து உறிஞ்சிப் பழகிக்கொள்ளுங்கள். வெளிச்சமும் வெயிலும் படாத டப்பாவில் வையுங்கள்; பைக் பெட்டியில் வேண்டாம். நிறம் மாறினால் தூக்கிப் போடுங்கள்.

கடித்ததும் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். "எழுந்து நட, வண்டியில் ஏறு" என்று நிமிர்த்தியதும் உயிர் போன நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. அடிப்பாகத்தில் தேங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்பாததுதான் காரணம். ஊசி போட்டுவிட்டு 108. தேறினாலும் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரக்கூடும். தேனீ என்றால் கொடுக்கு தோலில் நிற்கும், எப்படியாவது உடனே எடுத்துவிடுங்கள், கதண்டு கொடுக்கைத் தோலில் விட்டுச் செல்லாது.

இன்னொன்று: கூடு கலைந்து ஐம்பது, நூறு கடி பட்டால் அலர்ஜியே தேவையில்லை, விஷமே தசையைக் கரைத்துச் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கறுத்தால் நிமிடம் தாமதிக்கக்கூடாது. அவர் பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரை சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லி மாற்றக் கேளுங்கள், அது இருக்கும்போது அட்ரினலின் சரியாக வேலை செய்யாது.

நாய் கடித்த என் 15 கிலோ பேத்திக்குக் கையில் போட்ட தடுப்பூசி போதாதென்று, காயத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் குத்தினார்கள். குழந்தை அலறிவிட்டாள். இது அவசியம்தானா?
வாசகர், சேலம்

அவசியம். சரியாகச் செய்திருக்கிறார்கள். தடுப்பூசிக்கு உடம்பு ஆன்டிபாடி தயாரிக்க ஏறக்குறைய 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை வைரஸ் காத்திருக்காது, நரம்புக்குள் புகுந்துவிட்டால் எட்டவும் முடியாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் தயாராக உள்ள ஆன்டிபாடியைக் காயத்திலேயே ஊற்றுகிறார்கள். குதிரைச் சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட். 15 கிலோவுக்கு 600 யூனிட். மில்லிக்கு 300 யூனிட் உள்ள குப்பியில் 2 மில்லி. மனிதச் சீரத்துக்கு கிலோவுக்கு 20 யூனிட். காயம் பல இருந்து மருந்து போதாவிட்டால் சலைன் கலந்து பெருக்கலாம். அளவைக் கூட்டினால் தடுப்பூசியின் வேலை மழுங்கும். முழுவதையும் புட்டத்தில் போட்டு அனுப்பினால் அது காயத்துக்குச் சென்று சேரும்போது மிச்சம் குறைவு. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குப் பிறகு இதைத் தருவதில்லை.

தோலில் போடும் முறை என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் இரண்டிரண்டு இடத்தில் 0.1 மில்லி. 28-ம் நாளை விட்டுவிடாதீர்கள். இதற்கெல்லாம் முன்னால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுவது. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பக்கூடாது.

நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். முதல் ஆண் குழந்தை ஐந்தாம் மாதத்தில் நிமோனியாவில் தவறிவிட்டான். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடம் ஆறாமல், அக்குளில் கட்டி வந்தது. ஓயாத வயிற்றுப்போக்கு. இப்போது மறுபடி ஐந்து மாதக் கர்ப்பம். என்ன செய்ய வேண்டும்?
வாசகி, தர்மபுரி

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் மனதில் வருவது எஸ்சிஐடி என்ற பிறவிக் குறைபாடு. நோய் எதிர்ப்புக்குத் தேவையான டி செல்களே உருவாகாத நிலை. உறுதி செய்ய அந்தக் குழந்தையின் பழைய தாள்களைத் தேடி எடுங்கள். அதில் மொத்த வெள்ளை அணுவையும் அவற்றில் லிம்போசைட் வகையின் சதவீதத்தையும் பெருக்கி நூறால் வகுங்கள். மொத்தம் 9,000, லிம்போசைட் 18 என்றால் 1,620. லேப் கம்ப்யூட்டருக்கு அது பெரியவர்களின் அளவு, எனவே சிவப்புக் குறி போட்டிருக்காது. கைக்குழந்தைக்கு 3,000-க்குக் கீழே போனாலே மறுபடி பார்க்க வேண்டும், 2,500-க்குக் கீழே என்றால் அலாரம். இந்த ஒரு கணக்கைப் போடாததால் கைநழுவிய குழந்தைகள் பலர்.

இரத்த உறவுத் திருமணத்தில் இருவரும் ஒரே குறைபாட்டு மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எக்ஸ் குரோமோசோம் வழி வரும் வகையும் உண்டு, அதில் ஆண் குழந்தைகளே பாதிக்கப்படுவார்கள். உங்கள் அம்மா வழியில் சிறு வயதில் தவறிய ஆண் பிள்ளைகள் இருந்தார்களா என்று விசாரியுங்கள். உங்கள் இருவரின் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை இப்போதே தொடங்கலாம்.

பிரசவ அறையில் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள்: பிசிஜியும் போலியோ சொட்டும் வேண்டாம், முடிவு வரும்வரை. ஆறாம் வாரம் ரோட்டா சொட்டும் அப்படியே. மூன்றும் உயிருள்ள கிருமிகள். ஹெபடைட்டிஸ் பி ஊசி போடலாம். பிறந்த உடன் லிம்போசைட் எண்ணிக்கையும், செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சிடி3, சிடி4, சிடி8, சிடி19, சிடி56-ம் எடுக்க வேண்டும். மாதிரி ஈடிடிஏ குழாயில், அறை வெப்பத்தில், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் லேபை அடைய வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் செல்கள் கெட்டுவிடும். யாராவது ஐஜிஜி நார்மல் என்று ஆறுதல் சொன்னால் ஏற்காதீர்கள். அந்த வயதில் குழந்தை ரத்தத்தில் ஓடுவது உங்கள் ஐஜிஜிதான்.

நோய் உறுதியானால் ரத்தம் ஏற்றும்போது கதிரூட்டிய ரத்தம் மட்டுமே. சிகிச்சை, எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர் சிஎம்சி போன்ற மையங்களில் நடக்கிறது. மூன்றரை மாத வயதுக்குள் மாற்று நடந்த குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைத்ததாக வட அமெரிக்க மையங்களின் 2014 அறிக்கை சொல்கிறது. தொற்று பிடித்த பிறகு அந்த எண் சரிகிறது. அதனால்தான் பிறப்பதற்கு முன்பே இவ்வளவும் சொல்கிறோம்.

தண்டுவட வாதத்துக்கு அடாலிமுமாப் ஊசி தொடங்கும் முன் மாண்டோ (டிபிக்கான தோல் பரிசோதனை) போட்டார்கள். மறுநாளே பெரிதாகச் சிவந்தது. நர்ஸ் 20 மி.மீ. என்று எழுதினார். எனக்கு டிபியா?
வாசகர், மதுரை

மறுநாள் சிவப்பை அளந்தது செல்லாது. 48 முதல் 72 மணி நேரத்துக்குள், விரலால் தடவி, கெட்டித் தடிப்பை மட்டும், முன்கையின் குறுக்குவாட்டில் அளக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனாவை வெளியிலிருந்து தடிப்பை நோக்கித் தள்ளி, தட்டுப்படும் இடத்தில் நிறுத்தினால் விளிம்பு சரியாகக் கிடைக்கும். இந்த ஊசி தொடங்குபவருக்கு 5 மி.மீ.யே பாசிட்டிவ். அதற்குப் பொருள், டிபி கிருமி எப்போதோ உள்ளே வந்து அடங்கிக் கிடக்கலாம் என்பது. அதைக் கட்டிவைத்திருக்கும் வேலியில் டிஎன்எஃப் என்ற புரதம் முக்கியமான கம்பி. அடாலிமுமாப் அதைத்தான் பிடுங்குகிறது.

ஆகவே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, இருமல், காய்ச்சல், எடைக் குறைவு இல்லை என்று உறுதிசெய்து, தடுப்பு மருந்தாக ஐசோனியாசிட் 300 மி.கி. ஆறு மாதம், அல்லது ரிஃபாபென்டின் சேர்த்து வாரம் ஒன்றாக 12 வேளை. தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் கழித்து அடாலிமுமாப். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு மாண்டோ பொய்யாக நெகட்டிவ் ஆகும். அவர்களுக்கு இக்ரா ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்கிறோம். பிசிஜி தழும்பு இக்ராவைக் குழப்பாது. ஆனால் டிபிக்கு "ஐஜிஎம், ஐஜிஜி" என்று ஆன்டிபாடிப் பரிசோதனையை யாராவது எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அந்தப் பரிசோதனையை மத்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது.